ஆற்றை நகர்த்தச் சொன்னவனின் குரல்

என் கண்ணான சதீஷுக்கு,

'கண்ணான' என்று நீ இருந்தபோது ஒரு தரம்கூட உன்னைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், உன் அம்மாவும் சேர்ந்து சிரித்திருப்பாள். இப்போது கேலி செய்ய ஆள் இல்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. இதற்குள் இங்கே நடந்தவற்றை உன்னிடம் சொல்ல வேண்டும். பாதி உன்னைப் பற்றியது. மீதி, ஒருவனை நான் பழிவாங்கியது பற்றியது. பழிதான். வேறு நல்ல வார்த்தை போட்டு அதை மூடி வைக்க எனக்கு இஷ்டமில்லை. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

அவன் பெயரை எழுத மாட்டேன். வழக்கு நடப்பதால் எழுதக் கூடாது என்று வக்கீல் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். உன் பெயரை அவன் கெடுத்தான். நான் அவனுக்குப் பெயரே இல்லாமல் செய்கிறேன். புரமோட்டர் என்று போட்டால் போதும், உனக்குத் தெரியும்.

தென்னூர் வீட்டு மாடி அறையில் மூன்று மாதம் உட்கார்ந்து அவனுக்கு நீ செய்த விளம்பரத்தில்தான் எல்லாம் தொடங்கியது. ஸ்ரீரங்கத்தில் மேலூர் போகிற வழியில் எழும்பவிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. அப்போது அங்கே முள்வேலியும் ஒரு பலகையும் மட்டுமே இருந்தன. கட்டடம் உன் கம்ப்யூட்டருக்குள் நின்றது. மூன்றாவது மாடியில் பால்கனிக் கதவு திறக்கும். காலடியில் காவிரி ஓடும். இடது பக்கம் ராஜகோபுரம், நடுவில் மலைக்கோட்டை. ஒரு பெண் காபி டம்ளரோடு கம்பியில் வந்து சாய்வாள். டிவியில் செய்திக்கு நடுவே அது வரும்போதெல்லாம் உன் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வருவாள்.

தியேட்டருக்கென்று அதையே முப்பரிமாணத்தில் இன்னொரு தரம் செய்தீர்கள், நீயும் பர்வீனும். அடுத்த தெருப் பெண், உன் கூடப் படித்தவள், உன் தொழிலில் பாதி. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று பிரித்து ஆழம் கொடுப்பது அவள் வேலை. அது எப்படி என்று நான் கேட்டபோது என் மூக்குக்கு நேரே விரலை நீட்டச் சொன்னாய். ஒரு கண்ணை மூடு, திற, மறு கண்ணை மூடு என்றாய். விரல் இடமும் வலமும் குதித்தது. "இந்தக் குதிக்கிற தூரம்தான்ப்பா ஆழம். இதை நாங்க அளந்து போடறோம்" என்றாய். அளந்து போடுகிறோம் என்றதும் எனக்கு உன் வேலை மேல் ஒரு மரியாதை வந்தது. முப்பத்தோரு வருஷம் கைலாசபுரம் தொழிற்சாலையில் வெல்டிங்கைப் பரிசோதித்தவன் நான். அளவு என்று யாராவது சொன்னால் காது கொடுப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி நினைவிருக்கிறதா? மாரிமுத்து மாமாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அதே பிரிவில் என்னோடு வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் இருந்து, என்னோடு ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர். படம் தொடங்குமுன் உன் விளம்பரம் வந்தது. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் காவிரித் தண்ணீர் திரையை விட்டு இறங்கி எங்கள் மடிக்கு வந்தது. மாமா கையை நீட்டித் தொடப் பார்த்தார். முன் வரிசைக்காரரின் தலையில் அவர் விரல் பட்டு அவர் திரும்பி முறைத்தார். நான் அந்த நிமிஷம் உட்கார்ந்திருந்த விதத்தை உனக்குச் சொல்ல முடியாது. என் பிள்ளை ஒரு ஆற்றையே கொண்டுவந்து மனுஷன் மடியில் வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும், வண்டி எடுக்கிற இடத்தில் நீ என்னைத் தனியே இழுத்து ஒன்று சொன்னாய். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

மாமா அந்த மாதமே ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினார். ஓய்வூதியத் தொகை முழுதும், உப்பிலியபுரத்தில் அவர் பங்குக்கு வந்த நிலமும் அதில் போயின. இடத்தைப் பார்க்க அவர் போகாமல் இல்லை. பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் நின்றது. "அதையும் நாங்களே வாங்கிட்டோம் சார், இடிச்சிருவோம். ஆறு கீழ இருந்து தெரியாது, மூணாவது மாடிக்குப் போனா தெரியும்" என்றார்கள். விளம்பரத்தைப் பார்த்திருந்தவர், தெரியும் என்றே நம்பினார்.

அடுத்த வருஷம், கட்டடம் பாதி எழும்பியிருந்தபோது, ஆவணியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாத சாவு உன்னுடையது. எனக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. கோபம் மட்டும் வந்துகொண்டே இருந்தது, அதைக் கொண்டுபோய் இறக்க இடம் இல்லை. ஒரு கொசுவின் மேல் எத்தனை நாள் கோபப்பட முடியும்?

பங்குனியில் அந்த இடம் கிடைத்தது.

மாரிமுத்து மாமா ஒரு காலை வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை. வீட்டுச் சாவி தை மாதமே கைக்கு வந்திருந்தது. மூன்றாவது மாடி பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே கல்யாண மண்டபத்தின் சமையல்கூடச் சுவர். மண்டபத்தை யாரும் வாங்கவும் இல்லை, இடிக்கவும் இல்லை. ஆறு எங்கேயோ தென்னந்தோப்புக்கு அப்பால். வீடு வாங்கிய நாற்பத்திரண்டு பேரும் கார் நிறுத்துமிடத்தில் கூடி புரமோட்டரைக் கேட்டிருக்கிறார்கள்.

"அவர் என்ன சொன்னார் தெரியுமா கோபாலு?" என்றார் மாமா. என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். "நான் உள்ளதை உள்ளபடி காட்டத்தான் சொன்னேன், அந்த கிராஃபிக்ஸ் பண்ணின பையன் தன் திறமையைக் காட்டறேன்னு இஷ்டத்துக்குப் பண்ணிட்டான், நானும் கவனிக்காம விட்டுட்டேன், செத்துப் போனவனைப் பத்திப் பேசறது பாவம்னு இத்தனை நாள் சொல்லலை, அப்படிங்கறாரு."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் உள்ளே போய்விட்டது சத்தத்தில் தெரிந்தது.

"நீ நம்பறியா மாரி?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியலை. அங்க இருந்தவங்க நம்பினாங்க. ஒருத்தரு, அவன் நல்லா இருப்பானான்னு கேட்டாரு. இருக்கவே இல்லைன்னு நான்தான் சொன்னேன்."

அவர் போன பிறகு நான் எழுந்திருக்கவில்லை. மதியம் வரை அதே நாற்காலியில் இருந்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், ஒரு நேரம் நானும் நம்பினேன். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, கெட்டிக்காரன், கொஞ்சம் அதிகம் செய்துவிட்டானோ என்று. ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவும் சேர்த்துத்தான் அவனை நான் விடவில்லை.

பர்வீனைக் கூப்பிட்டேன். நீ போனதிலிருந்து பூட்டியே கிடந்த மாடி அறையைத் திறந்தோம். உன் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த விளம்பரம் இருபத்துமூன்று வடிவமாக வரிசை போட்டு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எண், பக்கத்தில் என்ன மாற்றம், யார் சொல்லி மாற்றியது என்று ஒரு வரி. நான் எங்கள் பரிசோதனைப் பதிவேட்டில் எழுதுகிற மாதிரியே இருந்தது. நீ அதை எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டாய்?

முதல் வடிவத்தைப் பர்வீன் போட்டாள். பால்கனிக் கதவு திறந்தது. எதிரே சுவர். சுவரின் ஓரத்தில் தென்னந்தோப்பு, தோப்புக்கு மேலே நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அது காவிரி. கீழே 'இது கற்பனைக் காட்சி' என்று எழுத்து. நீ அந்த இடத்துக்குப் போய் நின்று அளந்து செய்த படம் அது. உலகத்தில் ஒருவருக்கும் காட்டாத படம்.

அப்புறம் உன் போனைத் திறந்தாள். அதில் அவன் அனுப்பிய குரல் செய்திகள் இருந்தன.

"தம்பி, அந்தச் சுவர் எதுக்கு? தூக்கிருங்க."

"ஆத்தை இன்னும் கிட்ட கொண்டாங்க தம்பி. எட்டிப் பாத்தா கால் நனையற மாதிரி இருக்கணும்."

"மலைக்கோட்டை ஓரமா நிக்குது பாருங்க. நடுவுல வைங்க."

உன் குரலும் இருந்தது. "சார், மலைக்கோட்டையை எப்படி சார் நகத்தறது?"

"கம்ப்யூட்டர்தானே, நகத்துங்க."

கடைசியில் ஒன்று. "அந்த எழுத்தை எடுத்துருங்க. கற்பனைக் காட்சின்னு போட்டா எவன் வாங்குவான்?" அதற்கு நீ, "சார், அது போடணும் சார்." அதற்கு அவன், "தியேட்டர் காப்பியில வேணாம். அதை நான் பாத்துக்கறேன். நீங்க சொன்னதைச் செய்ங்க."

நீ செய்தாய். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. இருபத்திரண்டு தரம் ஆற்றை நகர்த்தினாய். ஏன் செய்தாய் என்று அந்தத் திரையைப் பார்த்தே கேட்டேன். பர்வீன்தான் பதில் சொன்னாள். "நாங்க மாட்டோம்னா சென்னையில ஒருத்தங்க பண்ணுவாங்க அங்கிள். அவங்க அந்த முதல் வடிவத்தைக்கூடப் பண்ணியிருக்க மாட்டாங்க." அது சரியான பதிலா? எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ இருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். சண்டை போட நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். கட்டடத்திலிருந்து ஆற்றுக்கரை வரை மீட்டரைப் பார்த்து ஓட்டினேன். ஒன்றேகால் கிலோமீட்டர். உன் கடைசி வடிவத்தில் எவ்வளவு என்று பர்வீனைக் கேட்டேன். நாற்பது மீட்டர் என்றாள். பால்கனிக் கம்பிக்கும் மண்டபச் சுவருக்கும் நடுவே டேப்பைப் பிடித்தேன். மூன்று மீட்டர் எண்பது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். 

அன்று சாயங்காலம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். புரமோட்டருக்குப் போன் போட்டு, அவன் குரல் உன் போனில் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது நாள் அவனே வீட்டுக்கு வந்தான். நெற்றியில் புதுத் திருமண். அம்மாவைக் கும்பிட்டான்.

"சார், சதீஷ் எனக்குத் தம்பி மாதிரி. ஏதோ சூழ்நிலையில வாய் தவறிட்டேன். அந்தப் போனை மட்டும் எங்கிட்ட குடுத்துருங்க. உங்க சிநேகிதர் மாரிமுத்து சார் கட்டினது மொத்தமும் ஒரு வாரத்துல திரும்பக் குடுத்துடறேன். அவருக்கு மட்டும். வெளியில தெரிய வேணாம்."

அவனைத் தள்ளி வெளியே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பணம் என்னுடையது இல்லையே. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் வாசலில் செருப்பை மாட்டும்போது சிரித்ததைப் பார்த்தேன். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்துச் சிரித்தான்.

நேரே மாமா வீட்டுக்குப் போனேன். அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. தியேட்டர் வாசலில் நீ என்னிடம் சொன்னதையும் சொன்னேன். "அப்பா, மாமா ரொம்ப ஆசைப்படறாரு போல இருக்கு. அதெல்லாம் அப்படியே இருக்காதுப்பா. பணம் கட்டறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க." நீ சொன்னாய். நான் தலையாட்டினேன். மாமாவிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, சதீஷ். அவர் கையை நீட்டித் தண்ணீரைத் தொடப் பார்த்தாரே, அந்தப் பெருமையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

 "அன்னைக்கே சொல்லியிருந்தா?" என்றார் மாமா.

"நீ கட்டியிருக்க மாட்டே."

"போயிட்டு வா கோபாலு," என்றார். எழுந்து வாசல் வரை வரவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை.

நாலு நாள் கழித்து அவரே வந்தார். இந்த முறையும் காபி வேண்டாம் என்றார். "போனைக் குடுக்காத. நான் மட்டும் வாங்கிட்டு வந்துட்டா மீதி நாப்பத்தோரு பேர் மூஞ்சில எப்படி முழிக்கறது? அவனை என்ன பண்ணப் போறே, சொல்லு. நானும் வரேன்." எழுந்துகொண்டே, "உன்னை நான் மன்னிக்கலை. அது வேற விஷயம்," என்றார்.

வக்கீல் போதும் என்றார். போனையும் கோப்புகளையும் நுகர்வோர் நீதிமன்றத்தில் கொடுத்தால் வழக்கு நிற்கும் என்றார். எனக்குப் போதவில்லை. நாற்பத்திரண்டு பேர் முன்னால் உன் பெயரைக் கெடுத்தவன், நாலு சுவருக்குள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதா? நிறையப் பேர் முன்னால், அவன் சந்தோஷமாக நிற்கிற நேரத்தில் வேண்டும் என்று நினைத்தேன். கிடைத்தது. ஆனி மாதம் அவன் அடுத்த திட்டத்தைத் தொடங்கவிருந்தான். அதற்கு விளம்பரம் செய்ய அவன் பிடித்த ஆள் யார் தெரியுமா? பர்வீன். உன் மேல் அவன் பழி போட்டது தெரிந்ததும் அவள் அந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். "விடாதே," என்று நான் சொன்னேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மாமா வீட்டு பால்கனியிலிருந்து உண்மையான காட்சியை முப்பரிமாணத்தில் எடுக்க வேண்டும் என்றாள் பர்வீன். இரண்டு போன், நடுவே மனிதக் கண் இடைவெளி. ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் வைத்தால்தான் இரண்டு லென்சும் கிட்ட வரும் என்றாள். நான் ஒரு அலுமினியப் பட்டையை வெட்டி, அரம் போட்டு, இரண்டு பிடிகள் செய்தேன். மையத்திலிருந்து மையம் அறுபத்தைந்து மில்லிமீட்டர். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். அரை மில்லி கூடுதலாக இருந்தது, மறுபடி செய்தேன். "இவ்வளவு துல்லியம் வேணாம் அங்கிள்," என்று அவள் சிரித்தாள். எனக்கு வேண்டியிருந்தது. உன் வேலையில் நான் செய்த ஒரே வேலை அது.

மத்தியப் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு ஹோட்டல் ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. நூற்றைம்பது பேர் இருப்பார்கள். வாசலில் பன்னீர், கல்கண்டு, ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி. நானும் மாமாவும் பின்பக்கம் பர்வீனின் மேசைக்கு அருகில் உட்கார்ந்தோம். புரொஜெக்டரோடு இணைத்த லேப்டாப் அவள் முன்னால் இருந்தது. படத்தை நான்தான் போடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். "கேட்டா கிழவன் தள்ளிட்டுப் போட்டுட்டான்னு சொல்லிரு." வீட்டில் ஏழெட்டு முறை பழகியிருந்தேன்.

புரமோட்டர் மேடையில் பேசினான். காவிரித் தாய் என்றான், ரங்கநாதர் கடாட்சம் என்றான். "இப்ப கண்ணாடியைப் போட்டுக்குங்க. நம்ம கனவை நேர்லயே பாக்கலாம்." அவனும் ஒன்றை மாட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தான். நான் கையை நீட்டி அழுத்தினேன்.

பால்கனிக் கதவு திறந்தது. சுவர், தோப்பு, நூல் போலக் காவிரி. உன் முதல் வடிவம். பிறகு அவன் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "தம்பி, அந்தச் சுவர் எதுக்கு? தூக்கிருங்க." சுவர் காணாமல் போனது. "ஆத்தை இன்னும் கிட்ட கொண்டாங்க." ஆறு ஒரு பாய்ச்சல் பாய்ந்து முன்னால் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள், ஏதோ வேடிக்கைப் படம் என்று. "மலைக்கோட்டையை நடுவுல வைங்க." மலை நகர்ந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு குரலுக்கும் ஆறு ஒரு அடி கிட்ட வந்தது. உன் குரல் வந்தது. "சார், அது போடணும் சார்." மாமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

புரமோட்டர் எழுந்து கண்ணாடியைக் கழற்றித் திரையைப் பார்த்தான். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் அல்லவா? அவனுக்கு இரண்டு ஆறு, இரண்டு மலைக்கோட்டை. "ஆஃப் பண்ணுங்க," என்று கத்தினான். பர்வீன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாக மாமாவின் பால்கனி. நாங்கள் எடுத்தது. கதவு திறந்ததும் சமையல்கூடச் சுவர் அப்படியே முகத்துக்கு நேரே வந்து நின்றது. அழுக்கு வழிந்த புகைபோக்கி, பாசி, ஒரு கிழிந்த தோரணம். முன் வரிசையில் ஒரு அம்மா முதுகை நாற்காலியில் அழுத்திப் பின்வாங்கியதைப் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் இருந்தது சுவர். நீ செய்த ஆற்றைவிட அது நன்றாக வந்திருந்தது, தம்பி. கோபித்துக்கொள்ளாதே.

விளக்கைப் போட்டார்கள். "இது எடிட் பண்ணினது. கம்ப்யூட்டர்ல இப்ப எதை வேணா உண்டாக்கலாம்," என்றான் அவன்.

பின்வாங்கிய அந்த அம்மா கேட்டார். "அப்ப உங்க விளம்பரமும் அப்படித்தானேங்க?"

அவன் அவரை விட்டுப் பின்பக்கம் திரும்பினான். "யார் இதைப் போட்டது?" என்றான்.

நான் எழுந்தேன். "நான்தான். நீங்க குத்தம் சொன்னீங்களே, அந்த சதீஷோட அப்பா."   மாமா எழுந்து, "அந்தச் சுவர் என் வீட்டுச் சுவர். வேணும்னா இப்பவே வாங்க, காட்டறேன்," என்றார். முப்பது பேருக்கு மேல் நிஜமாகவே வந்தார்கள். ஆட்டோவிலும் காரிலுமாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஊர்வலம் மாதிரி போனோம்.

அவனுக்கு வியர்த்துச் சட்டை முதுகில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ரசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

அன்று ஹாலில் ஒருவரும் முன்பணம் கட்டவில்லை. அந்தத் திட்டம் அதோடு நின்றது. வீடு வாங்கியவர்களின் கூட்டம் மறுபடி நடந்தபோது நான் ஒரு நிபந்தனை போட்டேன். பணம், சுவர் எல்லாம் வக்கீல்கள் பேசட்டும், முதலில் அவன் அதே கார் நிறுத்துமிடத்தில் நின்று உன் பெயரைச் சொல்லி, நீ குற்றம் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். வந்தான். "அந்தப் பையன்" என்று ஆரம்பித்தான். "பேரைச் சொல்லுங்க," என்றேன். சொன்னான். "சத்தமா," என்றேன். சொன்னான். அவன் பிள்ளை காரில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். அது கொஞ்சம் அதிகமோ? நீ இருந்தால் "போதும்ப்பா" என்றிருப்பாய்.

நஷ்டமும் உண்டு. பர்வீனுக்கு இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின. அவள் இப்போது உன் அறையில், உன் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். மாடியில் மறுபடி ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது. மாமா இன்னும் அந்தச் சுவருக்கு எதிரில்தான் குடியிருக்கிறார். எங்கள் வீட்டில் காபி குடிக்கிறார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இந்தப் பழி எதிலும் சேர்த்தி இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நம்ம பிள்ளை பேசறதை மட்டும் போடுங்க." உன் போனில் உன் குரல் மொத்தம் ஆறு இடத்தில் இருக்கிறது. 'சரி சார்', 'பாக்கறேன் சார்', 'அது போடணும் சார்'. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவன் பேசுவான். அவன் குரலைக் கேட்டுத்தான் உன் குரலுக்குப் போக வேண்டும். பர்வீன் பிரித்துத் தருகிறேன் என்றாள். நீதிமன்றத்தில் கொடுத்திருப்பதால் எதையும் வெட்டக் கூடாது என்று நான் தடுத்துவிட்டேன். தனியாக ஒரு பிரதி எடுத்து வெட்டலாமே என்று அம்மா கேட்டாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. அவன் மேல் இருந்த கண்ணை எடுத்து உன் அம்மாவை நான் பார்க்கவில்லை என்று அன்று புரிந்தது. இப்போது ஆறும் தனியாக இருக்கின்றன. காலையில் விளக்கேற்றிய பிறகு ஒரு தரம் கேட்கிறாள். நீ யாருக்கோ 'சரி சார்' என்கிறாய். அவள் தலையசைக்கிறாள்.

வழக்கு நடக்கிறது. அவன் வக்கீல் வாய்தா மேல் வாய்தா வாங்குகிறார். முடிந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று சில காலைகளில் பயமாக இருக்கிறது. ஆனாலும் முடிப்பேன்.

போன வாரம் என் வாக்குமூலத்தை எழுதினார்கள். உன் தொழில் என்ன என்று வக்கீலின் குமாஸ்தா கேட்டார். யாராவது இப்படிக் கேட்டால் 'கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்' என்றுதான் நான் வழக்கமாகச் சொல்வேன், நீ பக்கத்தில் நிற்கும்போதும். இந்த முறை அப்படிச் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி நானே எழுதினேன்: கணினி வரைகலைக் கலைஞர், திருச்சிராப்பள்ளி. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

கார்த்திகையில் அடுத்த விசாரணை. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். எத்தனை வாய்தா ஆனாலும் ஒன்றையும் தவறவிட மாட்டேன். கூண்டில் ஏறி உன் தொழிலையும் உன் பெயரையும் முழுசாகச் சொல்வேன். அதற்குப் பிறகு கதவோரம் இருக்கிற முதல் பெஞ்சில் உட்காருவேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போக முடியாது.

உன்னைப் பெற்றவன்,
உன் வேலையைத் தாமதமாகத் தெரிந்துகொண்ட அப்பா,
கோபால்
தென்னூர்